கடைசி ஆளுக்குக் கேட்குமா?

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம். லிஃப்ட் மாற்றப் போகிறார்கள், எந்தெந்த நாள் ஓடாது என்று சொல்ல ஓர் அதிகாரி வந்திருந்தார். கையில் மைக், பக்கத்தில் ஸ்பீக்கர், முன்னால் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவர் இரண்டு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். நாற்காலிகளைத் தாண்டி, கடிதப் பெட்டிகள் இருக்கும் சுவரோரம் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்ற ஒரு பெரியவரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து கையை உயர்த்தினார்.

"சார், இங்க கேக்கல."

அதிகாரி தமிழர்தான். சிரித்தார். "நீங்க முன்னாலதானேம்மா உக்காந்திருந்தீங்க? அங்க கேக்கலியா?"

"எனக்குக் கேட்டுச்சு சார். இவருக்குக் கேக்கல."

அப்படித்தான் அக்காவை முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு தெரிந்தது, எனக்கு இரண்டு கதவு தள்ளித்தான் வீடு என்று. அவர் பெயர் இங்கே வேண்டாம். கிராஞ்சி பக்கம் கட்டட வேலைக்கு வந்திருந்த ஆயிரம் தம்பிகளுக்கு அவர் 'டீச்சரக்கா'. எனக்கு அக்கா.

உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பது அவர் தொழில். சாரத்தில் ஏறுகிறவன், கூரையில் நடக்கிறவன், கட்டடத்தின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு வர்ணம் பூசுகிறவன், எல்லோரும் அவரிடம் வந்து உட்கார்ந்து, இடுப்பிலும் தோளிலும் பெல்ட் கட்டக் கற்றுக்கொண்டு போவார்கள். கிராஞ்சியில் ஒரு பயிற்சி நிலையம். நாங்கள் இருந்த சுவா சூ காங்கிலிருந்து அவர் போகும் பஸ் எப்போது வரும் என்று அந்த பஸ்ஸுக்கே தெரியாது. ஆனால் ஒரு நாளும் ஓடிப் பிடிக்க மாட்டார். "ஓடிப் போய் நின்னா மூச்சு வாங்கும் தம்பி. மூச்சு வாங்கினா குரல் பின்னாடி வரைக்கும் போகாது" என்பார்.

அந்தப் பின்னாடிதான் அவருக்கு எல்லாம். சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் உட்கார்ந்தால், கடைசியில் சாப்பாடு வருகிற ஆள் யார் என்று பார்த்து அவன் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் தன் தட்டில் கை வைப்பார். லிஃப்டில் ஏறினால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வழியில் தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார். உள்ளே இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அக்கா அசைய மாட்டார்.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். எங்கும் படித்ததில்லை, எடுத்து எடுத்துப் பழகியது. ஒருமுறை நான் பெருமையாக நினைத்த ஒரு கல்யாண வீடியோவை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். தாலி கட்டும் காட்சியை மூன்று கோணத்தில் வைத்திருந்தேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "பொண்ணோட அப்பா ஓரமா நின்னு ஏதோ சொன்னாரே, என்ன சொன்னாரு?" என்றார்.

"மேளச் சத்தத்துல கேக்கலக்கா."

"உங்களுக்குக் கேக்கல சரி. அவரு சொன்னது யாருக்காவது கேட்டுச்சா?"

அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் பெண்ணின் அப்பா பக்கம் ஒரு மைக் வைக்காமல் நான் எடுத்ததில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், உரித்தபடியே சொன்னார். பாடம் எடுக்க ஆரம்பித்த புதிதில், வகுப்பறை என்பது வேலையிடத்தில் போட்டிருந்த ஒரு கண்டெய்னர். வெளியே ஜெனரேட்டர் ஓடும். கடைசி வரிசையில் ஒரு தம்பி. அக்கா எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவான். மற்றவன் ஒருமுறை ஆட்டினால் இவன் இரண்டு முறை. நல்ல பிள்ளை என்று நினைத்திருக்கிறார். செய்முறைப் பயிற்சிக்கு ஆள் உயரச் சாரத்தில் ஏற்றினால், பெல்ட்டின் கொக்கியைப் பூட்டாமலே தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறான்.

"ஏன்டா, வகுப்புல அத்தனை தடவ தலைய ஆட்டினியேன்னு கேட்டேன். 'ஒண்ணும் கேக்கலக்கா, நீங்க பெரியவங்க, மரியாதைக்கு ஆட்டினேன்'ங்கறான்."

அக்கா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ஆளுங்களுக்கு இந்த மரியாதை ஒண்ணு இருக்கு பாருங்க தம்பி, அது ஆளையே கொன்னுடும். அன்னையிலேர்ந்து தலையாட்டறவன நான் நம்பறதில்ல" என்றார்.

கிருமித்தொற்று வந்து தொழிலாளர் தங்குவிடுதிகளைப் பூட்டிய காலத்தில் அக்காவின் வகுப்பு நின்றது. எனக்குக் கல்யாணங்கள் நின்றன. இரண்டு பேரும் முகக்கவசத்தோடு அவரவர் வாசலில் நின்று பேசிக்கொள்வோம். கடைகள் மெல்லத் திறந்துவிட்டன, விடுதிகள் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒருநாள் அக்கா என் கதவைத் தட்டினார்.

"தம்பி, பயிற்சி நிலையத்துல பாடத்த வீட்லேர்ந்து ரெக்கார்ட் பண்ணி அனுப்பச் சொல்றாங்க. பசங்க போன்லயே பாத்துப்பாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு மாதிரிப் பாடம் குடுக்கணும். அது நல்லால்லேன்னா இங்கிலீஷ்ல ஒண்ணு எடுத்துக் கீழ தமிழ் எழுத்து ஓட விட்டுடுவாங்க."

"எழுத்து இருந்தா போதாதாக்கா?"

"அவன் எழுத்தப் படிப்பானா, ஹூக்கப் பாப்பானா?"

விடுதி திறந்த மறுநாளே அந்தத் தம்பிகள் உயரத்தில் ஏறுவார்கள். மாதக்கணக்கில் பெல்ட்டைத் தொடாத கைகள். புதிதாக வந்தவர்கள் தொட்டதே இல்லை. அவர்கள் ஏறுவதற்கு முன்னால் இந்தப் பாடம்தான் ஒரே பாடம். அக்கா அவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை என்று மட்டும் இன்னொரு முறை சொன்னார்.

முதலில் என்னிடம் இருந்த பெரிய மைக்கைக் கொண்டுபோய் வைத்தேன். ஊசி விழுந்தால்கூடப் பிடிக்கும் என்று சொல்லி விற்ற மைக். பிடித்தது. எல்லாவற்றையும் பிடித்தது. வீட்டருகே ஓடும் எல்ஆர்டி ரயில் வளைவில் திரும்பும் கிறீச்சல், மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே மரத்தில் குயில். அக்காவின் குரல் அந்தக் கூட்டத்துக்குள் எங்கேயோ இருந்தது.

"இது ஊர்க் கூட்டம் தம்பி, பாடம் இல்ல" என்றார் அக்கா.

லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் பாய் கடை. நான் வயர், பேட்டரி எல்லாம் வாங்கும் இடம். பாய்க்கு எந்தச் சாமானை எடுத்தாலும் அதன் குலம் கோத்திரம் தெரியும். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். பாய் முகக்கவசத்துக்குள்ளிருந்தே வியாபாரத்தைத் தொடங்கினார்.

"டீச்சர், ஒங்களுக்குன்னே இருக்கு ஒண்ணு. கேமரா, லைட்டு, ஸ்டாண்டு எல்லாம் ஒரே பெட்டில. முகம் சினிமா மாதிரி தெரியும்."

"என் முகத்த வச்சு அவன் என்ன பாய் பண்ணப் போறான்? கை தெரிஞ்சா போதும். போன்லயே கை தெரியுது."

"சரி, அப்ப மைக்கு."

அக்கா கைப்பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடி விரிசல். அதில் செருகிய இயர்ஃபோனில் ஒரு காது மட்டும்தான் வேலை செய்யும். "இவன்தான் என் கடைசி ஆளு" என்றார். "நீங்க எந்த மைக்க வேணாலும் காட்டுங்க. ஆனா ஒங்க பெரிய ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டாதீங்க. இதுல போட்டுக் காட்டுங்க. அந்த ஃபேனக் கொஞ்சம் வேகமா வைங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒவ்வொரு மைக்காக அக்கா பேச, பாய் அதைப் பழைய போனுக்கு அனுப்ப, அக்கா மின்விசிறிக்கு அடியில் நின்று ஒற்றைக் காதில் கேட்டார். ஒன்று அடித்தொண்டையில் பேசுவதுபோல் இருந்தது. ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து பேசியது. கடைசியில் பாய் ஒரு ஹெட்செட்டை எடுத்தார். வாயருகே வளைந்து வரும் சின்ன மைக். "இதுக்குள்ள மூளை இருக்கு டீச்சர். பேச்ச மட்டும் எடுக்கும். மத்த சத்தத்தையெல்லாம் தின்னுடும்."

அக்கா பேசிப் பார்த்தார். பாய் வேண்டுமென்றே மேசையைத் தட்டினார், கதவைச் சாத்தினார். பழைய போனில் அக்காவின் குரல் மட்டும் துடைத்துவைத்த பாத்திரம்போல் வந்தது.

"பாய், கடைசி ஆளுக்குக் கேக்குது" என்றார் அக்கா. அன்று அவர் முகக்கவசத்துக்கு மேலே கண் சிரித்ததைப் பார்த்தேன்.

வீட்டில் சமையலறை மேசைதான் எங்கள் ஸ்டூடியோ. துணி காயப் போடும் மூங்கிலை இரண்டு நாற்காலி முதுகில் படுக்க வைத்து, நடுவில் என் போனைக் கீழே பார்க்கக் கட்டினேன். படத்தில் அக்காவின் இரண்டு கைகள், பெல்ட், கொக்கி. வேறொன்றும் இல்லை. கட்டைவிரலில் நகத்துக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு, அது மட்டும் பளிச்சென்று தெரியும்.

அவர் பாடத்தின் உயிர் மூன்று சொல். "மாட்டு, கேளு, இழு." தலைக்கு மேலே கொக்கியை மாட்டும்போது கண்ணுக்கு எட்டாது. சரியாகப் பூட்டினால் 'டிக்'கென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்க வேண்டும். பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். பாடத்தில் அக்கா நான்கு முறை மாட்டிக் காட்டுவார். அதில் ஒருமுறை வேண்டுமென்றே பாதியில் விட்டுவிட்டு, எது பூட்டவில்லை என்று கேட்பார். வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டுச் செய்வது. படத்திலும் அந்த நான்கு முறையும் கொக்கியைத் துணியால் மூடிக்கொண்டு மாட்டினார்.

எடுத்து முடித்துப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. ரயில் இல்லை, குயில் இல்லை. நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல ஒலி.

"பிரமாதம்க்கா" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். "தலைய ஆட்டறீங்க தம்பி."

"நிஜமாவே நல்லாருக்குக்கா."

"இருக்கட்டும். என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் கிராஞ்சி விடுதில இருக்கான். அடுக்குக் கட்டில்ல மேல்கட்டில். ஃபேனுக்கு நேர் கீழ. அவன் சொல்லட்டும்."

அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் குரல்பதிவு வந்தது. பெரம்பலூர்ப் பக்கத்துப் பேச்சு. "சூப்பரா இருக்குக்கா. நேர்ல பாக்கற மாரியே இருக்கு."

அக்கா திருப்பிப் பேசினார். "சூப்பர்லாம் இருக்கட்டும்டா. எத்தனாவது தடவ பூட்டல?"

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. அந்தக் குரலில் முன்பிருந்த துள்ளல் இல்லை. "அக்கா... தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பேச்சு நல்லாக் கேக்குது. ஹூக்கு சத்தம் ஒண்ணுமே கேக்கல. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

மறுபடி போட்டோம். எங்களுக்கும் கேட்கவில்லை. துணிக்கடியில் கை மாட்டுகிறது, ஊமைப் படம் மாதிரி. முதலில் பார்த்தபோது எங்கள் மனசே அந்த 'டிக்'கைப் போட்டுக்கொண்டிருக்கிறது. சமையலறையில் நேரில் கேட்ட காது அல்லவா.

பாய்க்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாய் கொஞ்சம் யோசித்தார்.

"நான் கடையில மேசையத் தட்டுனேன்ல? அத எப்படித் தின்னுச்சோ அப்படித்தான் ஹூக்கையும் தின்னிருக்கு. அதுக்கு எல்லா டிக்கும் ஒண்ணுதான். அந்த மூளைய அமத்தி வைக்கவும் இந்த மாடல்ல வழி இல்ல. என்னையத்தான் சொல்லணும் டீச்சர், ஹூக்க நீங்க கடைக்குக் கொண்டாரணும்னு எனக்குத் தோணல."

"எனக்கே தோணல பாய், ஒங்களுக்கு எப்படித் தோணும்?" என்றார் அக்கா. அவர் குரல் தாழ்ந்திருந்தது. "பேச்சையே பாத்துட்டு இருந்துட்டேன்."

"மூளை இல்லாத மைக்கா எடுங்க. ஒண்ணும் தெரியாத மைக்கு. வந்தத வந்தபடி எடுக்கறது."

என் மேசை இழுப்பறையில் அப்படி ஒன்று கிடந்தது. மாப்பிள்ளைகளின் சட்டையில் குத்தும் பழைய காலர் மைக். அதை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் கழுத்துப் பக்கம் குத்தப் போனேன்.

"அங்க வேணாம். இங்க" என்று மணிக்கட்டை நீட்டினார்.

"அங்க வச்சா உங்க குரல் தூரமாப் போயிடுமேக்கா."

"நான் கத்திக்குவேன் தம்பி. ஹூக்கு கத்தாது."

சட்டைக் கையின் ஓரத்தில் குத்தினேன். ஒரு முறை மாட்டினார். 'டிக்' வந்தது. கூடவே கணீரென்று இன்னொன்று வந்தது. அவர் கையில் கிடந்த இரண்டு தங்க வளையல்கள்.

அக்கா அவற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார். "வீட்டுக்காரர் போனப்ப மாமியார் கழட்டச் சொன்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். பெரிய சண்டை." பிறகு எழுந்து, பாத்திரம் கழுவும் சோப்பைக் கையில் ஊற்றிக்கொண்டு தொட்டியருகே நின்றார். வளையல் எலும்பைத் தாண்டும்போது பல்லைக் கடித்தார். இரண்டையும் துடைத்து, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வாங்க. ரயில் போனதும் ஆரம்பிப்போம்."

ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் எடுத்தோம். ஒவ்வொரு துண்டாக. ரயிலுக்காவது நேரம் உண்டு, குயிலுக்கு இல்லை. சரியாக, பூட்டாமல் விடப்போகும் அந்த மூன்றாவது முறை மாட்டுவதற்கு முன்னால் அது கத்தத் தொடங்கி, மேலே மேலே ஏறி, நின்றது. மறுபடி எடுக்கலாம் என்றேன். வேண்டாம் என்றார். "வேலையிடத்துல அமைதியாவா இருக்கு? குயிலுக்கு நடுவுல கேட்டாத்தான் அவனுக்குக் காது பழகும்."

எடுத்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வராத குறை. சமையலறைச் சுவரில் மோதித் திரும்பும் குரல். பின்னால் குயில். தொழில்காரன் எடுத்தது என்று வெளியே சொல்ல முடியாது. அக்கா பழைய போனில் போட்டு, மின்விசிறிக்கு அடியில் நின்று, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். அவர் தலை ஆடவே இல்லை. பிறகு மேல்கட்டில்காரனுக்கு அனுப்பினார்.

காத்திருந்தோம். அக்கா வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, மூணாவது. குயில் கத்தி முடிச்சதும் ஒண்ணு மாட்டுனீங்கள்ல, அது பூட்டல."

அக்கா நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கொடுத்தோம். படம் தெளிவாக இருக்கிறது, ஒலிதான் சுமார், இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் நல்லபடியாக மாற்றிக் கொடுங்கள் என்று ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்ப் பாடம் தமிழிலேயே போனது. அந்த 'அப்புறம்' வரவே இல்லை, எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது.

வளையலை மறுநாளே போட்டுக்கொண்டார். அதற்கும் சோப்புத்தான்.

பிறகு அக்கா ஓய்வு பெற்று, பொங்கோலில் மகள் வீட்டோடு போய்விட்டார். இந்த ஊரில் சுவா சூ காங்குக்கும் பொங்கோலுக்கும் உள்ள தூரம், விசா வேண்டாத வெளிநாடு. தீபாவளிக்குப் பேசிக்கொள்வோம்.

இப்போது எங்கள் புளோக்குக்கு வர்ணம் பூசுகிறார்கள். கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் தொட்டிலில் இரண்டு பேர் நின்றுகொண்டு, மாடி மாடியாகப் பூசிக்கொண்டு வருகிறார்கள். நேற்றுக் காலை என் சமையலறை ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார்கள். நான் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தம்பி, பாதுகாப்புக் கயிற்றில் கொக்கியைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினான். மாட்டியவன் அப்படியே நின்றான். தலையைச் சாய்த்தான். கண்ணை ஒரு நொடி மூடினான். பிறகுதான் இழுத்துப் பார்த்தான்.

என் கையில் கரண்டி நின்றுவிட்டது.

"தம்பி, என்ன கேக்குறீங்க?"

"பூட்டுற சத்தம்ணே."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"போன்ல ஒரு அக்காண்ணே. பாடம் எடுப்பாங்க. ஆளப் பாத்ததில்ல, கை மட்டும்தான் தெரியும்." வர்ண உருளையை எடுத்துக்கொண்டே சிரித்தான். "நடுவுல ஒரு குயில் கத்தும்ணே அதுல. எங்க ஊர் ஞாபகமா இருக்கும்."

தொட்டில் இறங்கிப் போனதும் பொங்கோலுக்குப் போன் போட்டேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். தலை சாய்த்தது, கண்ணை மூடியது, குயில். மறுமுனையில் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"தம்பி" என்றார் கடைசியில். "தொட்டில்ல ரெண்டு பேருன்னீங்கள்ல?"

"ஆமாக்கா."

"இன்னொருத்தன் கேட்டானா?"

நான் பார்க்கவில்லை. முதல் ஆளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இன்று அவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள். மாடிப்படி ஜன்னலிலிருந்து எட்டினால் தெரியும். கோப்பியை எடுத்துக்கொண்டு அங்கேதான் நிற்கிறேன். தொட்டில் இறங்கி வருகிறது. இரண்டாவது தம்பி கொக்கியைக் கையில் எடுக்கிறான்.